குளவிக் கதையை இரண்டு விதமாக வரைந்தோம்

ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தைக் கடைசி அட்டையிலிருந்து படிக்க வேண்டும் என்று தெரியாமலே நானும் என் சிநேகிதியும் ஒரு முழுக் கதையைப் படித்து முடித்தோம். முடித்ததோடு நிற்காமல் அந்த முடிவை நினைத்துச் சந்தோஷமும் பட்டோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஆனால் நானும் அண்ணனும் பதுளையில் சித்தி வீட்டில் இருந்தோம். எனக்கு அங்கே பள்ளிக்கூடம், அண்ணனுக்குக் கராஜில் வேலை. ஜப்பானில் ஓடி முடித்த வான்கள் கப்பலேறி வந்து, ரீகண்டிஷன் என்ற பெயரில் பதுளை வரைக்கும் ஏறி வந்த காலம். சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது அண்ணனின் வேலை. சீட்டுக்கு அடியில் யாரோ முகம் தெரியாத குடும்பத்தின் மிச்சங்கள் கிடக்கும்: மை காய்ந்த பேனா, மிட்டாய்த் தாள், ஒரு தடவை சிறு குழந்தையின் ஒற்றைக் காலுறை.

ஒரு சாயங்காலம் செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"எடுத்துக்க புள்ள. மொதலாளி அடுப்புப் பத்த வைக்கச் சொன்னாரு. உள்ள பூரா படமா இருக்கு."

மட்டமான தாள். கொஞ்சப் பக்கங்கள் இளஞ்சிவப்பு, கொஞ்சப் பக்கங்கள் வெளிர்பச்சை, மற்றவை பழுப்பு. எல்லாம் கறுப்பு மையில் கோட்டுச் சித்திரம். எழுத்து ஒன்றுகூடப் புரியவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் என் சிநேகிதியிடம் காட்டினேன்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எங்கள் வகுப்பில் படம் வரைகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் 'வரைகிறேன்' என்பேன், அவள் 'கீறுறன்' என்பாள். அந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் நெருக்கமாகியிருந்தோம்.

"எழுத்து என்னெண்டு தெரியேல்லை. ஆனா படம் விளங்குது," என்றாள் அவள்.

அதில் ஒரு கதையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். கடல், கரையில் ஆளில்லாத ஒரு படகு, அதைப் பார்த்து நிற்கிற ஒரு தாய். அப்புறம் மழை. அப்புறம் ஒரு மகன் கடலிலிருந்து திரும்பி வருகிறான். கடைசிப் படத்தில் தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காணாமல் போனவன் திரும்பி வந்த கதை. நாங்கள் சிறு தாள்களில் தமிழில் வசனம் எழுதி, வெட்டி, ஜப்பானிய எழுத்துகளுக்கு மேல் ஒட்டினோம். அந்தத் தாய்க்கு நான் எழுதிய வசனமெல்லாம் எங்கள் அம்மா பேசுகிற மாதிரியே இருக்கும். 'வா சாமி, ரொட்டி சூடா இருக்கு' என்று ஒரு ஜப்பானியத் தாய் சொன்னாள்.

சில வாரம் கழித்து, பள்ளி இடைவேளையில் சிநேகிதி புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்கள் பிழையா வாசிச்சிட்டம்."

"என்ன பிழை?"

"பக்க இலக்கத்தைப் பார். ஒண்டாம் பக்கம் எங்க இருக்கு?"

நாங்கள் கடைசி என்று நினைத்த இடத்தில் ஒன்று இருந்தது. நான் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, வலப்பக்கத்திலிருந்து மெதுவாகப் பார்த்தேன். தாயும் மகனும் சாப்பிடுகிறார்கள். மகன் எழுந்து கடலுக்குப் போகிறான். மழை. படகு மட்டும் கரைக்கு வருகிறது.

"அப்ப அந்தப் பையன் வரவே இல்லியா?"

"இல்லை."

"எனக்கு நாம படிச்சதே போதும்."

"உனக்குப் போதும். ஆனா அவங்கள் கீறினது இதைத்தானே," என்றாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் கொஞ்சம் உம்மென்றுதான் இருந்தோம். ஆனால் அந்தப் பிழைதான் எங்களுக்கு ஒரு விஷயத்தைக் காட்டியது. படக்கதையில் படம் மட்டும் கதை சொல்வதில்லை. கண் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதும் கதை சொல்கிறது. அதற்குப் பிறகு என் சிநேகிதி அந்தப் புத்தகத்தை விடவே இல்லை. ஒரு பக்கத்தில் பெரிய கட்டம் எங்கே வருகிறது, சின்னக் கட்டங்கள் எங்கே நெருங்கிக்கொள்கின்றன, பக்கத்தைப் புரட்டியதும் எது முகத்தில் அறைகிறது என்றெல்லாம் தாள் வைத்துப் பிரதியெடுத்துப் படித்தாள். புத்தகம் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நானும் கேட்கவில்லை.

அதே வருடம் அம்மாவைக் குளவி கொட்டியது.

தோட்டத்தில் இது புதிது இல்லை. மரத்தில் கூடு இருக்கும். காற்றோ பருந்தோ அதைக் கலைத்துவிட்டால், கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற பெண்கள் மேல் மொத்தமாக வந்து இறங்கும். செய்தி கராஜுக்குத்தான் வந்தது. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தான். பண்டாரவளை, அப்புத்தளை, பெரகல என்று மாறி மாறி நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. குரலை வைத்து எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"பள்ளிக்கூடத்த விட்டுட்டு எதுக்கு வந்த?" என்பதுதான் முதல் பேச்சு.

என்ன நடந்தது என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். மேல் மலையில் குளவி கலைந்தது, பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், அம்மாவும் ஓடினார், கொட்டு வாங்கினார். பக்கத்து லயத்து அக்கா ஒருவருக்கு இன்னும் அதிகம், அவர் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தார். அவர் தேறி வந்த கொஞ்ச காலத்தில், புருஷனோடு மொனராகலைப் பக்கம் போய்விட்டார். அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று, பெயர் கொடுத்து, மலைக்கு ஏறினார். குளவியைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

இரண்டாயிரங்கள் வந்தபோது நான் பதுளையில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவர் நினைவாகப் போடுகிற அந்திரட்டி மலர் எல்லாம் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. சிநேகிதி அதே ஊரில் சித்திர ஆசிரியையாகியிருந்தாள். சனிக்கிழமைகளில் அச்சகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அண்ணன் கராஜை விட்டு, கொரிய மொழி படித்து, பரீட்சை எழுதி, கொரியாவுக்குப் போயிருந்தான். பிளாஸ்டிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை.

அவன் அச்சகத்துப் போனுக்குத்தான் எடுப்பான். ஒரு தடவை, சாப்பாடு, குளிர், சம்பளம் எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னான்:

"புள்ள, இங்க படக்கதைய புத்தகத்துல பார்க்கிறத விட கம்ப்யூட்டர்லதான் நெறைய பேர் பார்க்கிறாங்க. பக்கமே கெடையாது. மேல இருந்து கீழ இழுத்துக்கிட்டே போகணும். வெப்டூன்னு சொல்றாங்க."

"எவ்வளவு தூரம் இழுக்கணும்?"

"கத முடியிற வரைக்கும். எங்க பேக்கிங் செக்ஷன்ல ஒரு பொம்பள இருக்காங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வரைவாங்க. யார்கிட்டயும் கேக்கிறது இல்ல, அவங்களே நெட்ல போட்டுடுறாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் கீழ வந்து எழுதுறாங்க, நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு."

யார்கிட்டயும் கேக்கிறது இல்ல என்றானே, அதுதான் என் மனதில் தங்கியது. எங்கள் ஊரில் வரைகிற பெண்ணுக்கு அதை எங்கே கொடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பினால் பதில் வராது. புத்தகம் போட யாரால் முடியும்.

அடுத்த சனிக்கிழமை நானும் சிநேகிதியும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நெட் கபேக்குப் போனோம். அண்ணன் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்த முகவரியை அடித்தேன். அந்தக் காலத்து இணைப்பு எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து விரல் அகலம் விரல் அகலமாக இறங்கும். முதலில் ஒரு வானம் வந்தது, வெறும் வானம். பிறகு ஒரு மாடி வீட்டின் உச்சி. நாங்கள் காத்திருந்தோம். ஒரு ஜன்னல். இன்னும் கீழே ஒரு பெண்ணின் தலைமுடி. முகம் வர இன்னும் நேரமிருந்தது. பக்கத்து நாற்காலிப் பையன்கள் விளையாட்டில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். நானோ அந்த முகத்துக்காகப் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். முகம் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இது அவங்கட கெட்டித்தனம் இல்லை. பதுளை லைன்ர கெட்டித்தனம்," என்றாள் சிநேகிதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதிதான் உண்மை. வேகமான இணைப்பில் பார்த்தாலும் அந்த வானத்தை இழுத்துக் கடந்துதான் ஜன்னலுக்கு வரவேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் விட்டிருந்த வெற்றிடம்தான் நேரம். சின்ன வெற்றிடம் என்றால் ஒரு மூச்சு, பெரியது என்றால் ஒரு ராத்திரி. அதை எவ்வளவு வேகத்தில் கடப்பது என்பதைப் பார்க்கிறவரின் விரல் முடிவு செய்கிறது.

வெளியே வந்து நடக்கும்போது அவள் விடவில்லை.

"பக்கம் எண்டு ஒண்டு இல்லாட்டி எங்க நிக்கிறது? ஜப்பான்காரன்ர பக்கத்தைத் திறந்தா எல்லாம் ஒரேயடியாத் தெரியும். முதல்ல முழுசாப் பாப்பன், பிறகு ஒவ்வொண்டாப் பாப்பன், பிறகு திரும்பிப் போவன். இதில கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. அவங்கள் காட்டினதைத்தான் பாக்கலாம்."

"எதுக்கு நிக்கணும்? எறங்கிக்கிட்டே போனா என்ன?"

"கறுப்பு வெள்ளையில ஒரு கோட்டை வேகமா இழுத்தாலே ஓட்டம் வந்திடும். இதுக்கு நிறமெல்லாம் பூசி, இவ்வளவு நீளம் தேவையோ?"

"அப்ப ஒரே கதைய ரெண்டு பேரும் வரைவோம். நீ ஒன் மாதிரி, நான் என் மாதிரி," என்றேன். எந்தக் கதை என்று கேட்டாள். யோசிக்காமலே குளவிக் கதை என்று சொல்லிவிட்டேன். எவ்வளவோ வருடம் நினைக்காத விஷயம் எப்படி அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மேல் மலையிலிருந்து பெண்கள் ஓடி இறங்குகிற கதை, மேலிருந்து கீழே போகிற வடிவத்துக்குப் பொருத்தம் என்று அப்போது நினைத்திருக்கலாம்.

அச்சகத்தில் பெரிய தாளை வெட்டும்போது ஓரத்தில் நீளமான துண்டுகள் மிஞ்சும். வெட்டுத்தாள் என்போம், கட்டிக் கட்டி மூலையில் கிடக்கும். முதலாளியிடம் கேட்டுக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். நுனியோடு நுனி ஒட்டினால் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போகலாம். மரம், கூடு, பருந்து, கலைகிற குளவி. பிறகு அம்மா ஓடுகிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கல் படிகளில், திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இறங்குகிறார். பச்சையைப் பூசிப் பூசி என் விரல்நகம் எல்லாம் பச்சையாகிவிட்டது.

சிநேகிதி இரண்டே பக்கம் வரைந்தாள், எதிரெதிர்ப் பக்கங்கள். முதல் பக்கத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டம்: பறிக்கிற விரல், ஒரு காதுத்தோடு, ஒருத்தியின் சிரிப்பு, கிளையில் ஒரு நிழல். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே படம். குளவி ஒன்றுகூட இல்லை. வெறும் கோடுகள். பெண்கள் எல்லாத் திசைக்கும் சிதறுகிறார்கள், ஒரு கூடை தலைகீழாகக் காற்றில் நிற்கிறது. பார்த்ததும் எனக்குக் காதில் இரைச்சல் கேட்டது. என் நீளத் தாளில் அந்த இரைச்சல் இல்லை. சிதறுவதைக் காட்ட ஒரு பக்கம் வேண்டும், இடதும் வலதும் வேண்டும் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். அவளிடமே சொன்னேன். அவள் பெருமைப்படவில்லை. "உன்ரயை அம்மாட்டக் காட்டினியோ?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு லீவு நாளில் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். அம்மா அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். லயத்தின் ஒற்றைக் காம்பரா அறையில் இடம் போதாமல் என் தாளை வாசலில் விரித்தோம். அம்மா குனிந்து, தாள் ஓரமாகவே நடந்து, மேலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு சிநேகிதியின் பக்கங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு ரெண்டும்," என்றார் அவளிடம். என்னைப் பார்த்து, "இதுல ஓடுறது யாரு?" என்றார்.

"நீங்கதாம்மா."

"நான் எங்க ஓடுனேன்?"

எனக்கு விளங்கவில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஓடுனது மத்தவங்க. நான் வேர் தடுக்கி விழுந்துட்டேன். கூடைக் கயிறு கழுத்துல மாட்டிக்கிச்சு. எந்திரிக்க முடியல. கீழ போயிட்டிருந்த அவ திரும்பி மேல ஏறி வந்தா. இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து என் தலைய மூடிட்டு, அப்படியே எம்மேல படுத்துக்கிட்டா."

"யாரும்மா?"

"பக்கத்து லயத்து அக்கா. மொனராகலைக்குப் போனாங்களே, அவதான். அவ முதுகு பூரா கொட்டிருச்சு. எனக்கு முகத்துல முன்னாடியே கொட்டினதுதான்."

சிநேகிதி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இத ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?"

"ஓடுனாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி இல்லன்னு சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? நீயும் கேக்கல."

"படங்குக்குள்ள எப்பிடி இருந்தது அம்மா?" என்று சிநேகிதி மெதுவாகக் கேட்டாள்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "இருட்டு. கொழுந்துச் சாறு வாசம். ங்... ன்னு ஒரே சத்தம். அவ நெஞ்சு அடிக்கிறது என் முதுகுல தெரிஞ்சுச்சு. வேற ஒண்ணும் இல்ல. ரொம்ப நேரம் அப்படியேதான் கெடந்தோம்."

பதுளைக்குத் திரும்பி, நான் ஓட்டத்தை எல்லாம் வெட்டி எடுத்தேன். அம்மா வேர் தடுக்கி விழுவதைப் புதிதாகச் சேர்த்தேன். அந்த அக்கா மேலே ஏறி வருவதை வரைந்தேன். அவரது முகம் எனக்குச் சரியாக நினைவில்லை, அதனால் முதுகுப் பக்கமாகவே வரைந்தேன். படங்கு விரிகிறது. அதற்குக் கீழே தாளை முழுக்கக் கறுப்பாக்கினேன். படம் இல்லை, கோடு இல்லை. ஒரு தாள் கறுப்பு, இன்னொரு தாள் கறுப்பு, இன்னொன்று. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்துப் பார்த்து, எனக்கே போதும் என்று தோன்றிய இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கறுப்பை ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் படங்கின் ஓரத்தில் வெளிச்சம்.

இறங்கி ஓடுவதற்கென்று நான் எடுத்த வடிவம், அசையாமல் கிடப்பதற்குத்தான் சரியாக வந்தது. எந்தப் பக்கத்திலும் அந்தக் கறுப்பு இவ்வளவு நேரம் இருந்திருக்காது. பக்கத்தில் கறுப்பு ஒரு கட்டம்தான், கண் ஒரே பார்வையில் தாண்டிவிடும். இதை நான் சொல்வதற்கு முன்னாலேயே சிநேகிதி சொன்னாள்.

"இதை என்னால இரண்டு பக்கத்தில கீறேலாது," என்றாள்.

சிதறுகிற இடத்துக்கு அவளுடைய படத்தையே கேட்டு வாங்கி என் தாளின் நடுவில் ஒட்டினேன். அந்த இடம் மட்டும் கறுப்பு வெள்ளை. இரண்டும் ஒட்டாது என்று பயந்தேன், ஒட்டியது.

அச்சகத்து ஸ்கேனரில் துண்டு துண்டாக ஏற்றி, இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவில் போட்டேன். முதலில் அண்ணன்தான் கீழே எழுதினான், ஆங்கில எழுத்தில் தமிழ். தொழிற்சாலையில் அந்தப் பேக்கிங் பெண்ணிடம் காட்டினானாம். அவருக்கு மொழி தெரியாது. கறுப்பு வந்த இடத்தில் இழுப்பதை நிறுத்திவிட்டு, இது கம்ப்யூட்டர் கோளாறா என்று கேட்டாராம். இல்லை என்றதும் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, மறுபடி மேலே போனாராம்.

பிறகு ரொம்ப நாள் யாரும் வரவில்லை. ஒரு நாள், எந்த ஊர் என்று சொல்லாத ஒருவர் தமிழில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'மேலே படுத்திருந்த அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா?'

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. போனதிலிருந்து தொடர்பே இல்லை.

"போய்ப் பாத்துட்டுத்தான் வருவமே," என்றார் அம்மா, நாளைக்குச் சந்தைக்குப் போவோம் என்பது போல.

தோட்டத்தில் விசாரித்து ஒரு சொந்தக்காரரைப் பிடித்து, இடம் கேட்டுக்கொண்டோம். நானும் அம்மாவும் கொஸ்லந்தவில் பஸ் ஏறினோம். வெல்லவாயவுக்கு இறங்கும்போதே வெயில் மாறிவிட்டது. அம்மா போர்த்தியிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மொனராகலையில் இறங்கி இன்னொரு பஸ். ரோட்டோரம் ஒரு சின்ன வீடு, முன்னால் வாழையும் மரவள்ளியும். அந்த அக்கா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எளச்சிட்டியே," என்றார் அவர்.

"நீ கருத்துட்ட," என்றார் அம்மா.

தேத்தண்ணி குடித்தபிறகு நான் சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்தேன். அவர் பாயில் உட்கார்ந்து, ஒரு கையால் சுருளைப் பிடித்து, மறு கையால் தாளை இழுத்துக்கொண்டே பார்த்தார். தன் முதுகைப் பார்த்ததும் சிரித்தார். கறுப்பு வந்தது. இழுத்தார், இன்னும் கறுப்பு. நிறுத்தினார்.

"இங்க ஒண்ணுமே எழுதலியே."

"அம்மா ஒண்ணும் இல்ல, சத்தம் மட்டுந்தான்னு சொன்னாங்க," என்றேன்.

"ஒண்ணும் இல்லியா? நான் பேசிக்கிட்டே இருந்தேனே."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன பேசின?"

"அப்ப நாம ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல, ஞாபகம் இருக்கா? பீலியில தண்ணி புடிக்கிறப்ப என் வாளிய நீ தள்ளி வச்சன்னு."

"நான் தள்ளல. அது ஏற்கெனவே சாஞ்சிருந்துச்சு."

"அதத்தான் கேட்டேன். ஏன் தள்ளுன, ஏன் தள்ளுனன்னு கேட்டேன். நீ பதில் சொல்லல. நீ மயங்கிறக் கூடாதுன்னு பேசினேன். பேச வேற என்ன இருந்துச்சு நமக்குள்ள? பொறகு, சரி போ, தண்ணி எல்லாருக்குந்தான் வருதுன்னு சொன்னேன். ஒன் மக பெரிய பரீட்ச எழுதப் போகுதேன்னு சொன்னேன். என்னென்னமோ சொன்னேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் அம்மா.

"கேட்டுச்சுன்னுதான் இத்தன நாளா நெனச்சிருந்தேன். கேட்டுட்டுத்தான் பேசாம இருக்கன்னு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாயின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ திரும்பி வருவன்னு நான் நெனக்கல," என்றார்.

"நானும் நெனக்கல," என்றார் அந்த அக்கா. எழுந்து மரவள்ளிக்கிழங்கு அவிக்கப் போனார். அம்மாவும் பின்னாலேயே போனார். அடுப்படியில் இருவரும் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளியைப் பற்றித்தான் மறுபடியும். எங்களுக்குக் கடைசிப் பஸ் போய்விட்டது, அன்றைக்கு அங்கேயே தங்கினோம்.

பதுளையில் சிநேகிதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பில் எப்படி எழுதுவது என்று பேசினோம். வசனத்துக்கு வட்டம் போட்டால் இருட்டு கெட்டுவிடும் என்றாள். அவளே வெள்ளை போஸ்டர் பெயின்டும் மெல்லிய தூரிகையும் கொண்டுவந்து என் தாளின் முன்னால் உட்கார்ந்தாள். 'ஏன் தள்ளுன?' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. நிறையக் கறுப்பு. மறுபடி 'ஏன் தள்ளுன?' மறுபடி கறுப்பு. அப்புறம் 'சரி போ.' அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவளுடைய பேச்சு வேறு, அந்த அக்காவின் பேச்சு வேறு. எழுத்துக்கு எழுத்து என்னிடம் கேட்டுக்கேட்டுத்தான் எழுதினாள்.

புதிதாக ஏற்றிய பிறகு, அந்தப் பெயர் தெரியாதவருக்குப் பதில் எழுதினேன். நன்றாக இருக்கிறார், மொனராகலையில் இருக்கிறார், முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறதாம், வீட்டில் வாழை போட்டிருக்கிறார் என்று.

அடுத்த முறை அம்மா பதுளைக்கு வந்தபோது நெட் கபேக்குக் கூட்டிப்போனேன். மௌஸைப் பிடித்து எப்படி இழுப்பது என்று காட்டினேன். இணைப்பு அன்றைக்குக் கொஞ்சம் சுமாராக இருந்தது. அம்மா அவசரப்படவில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக வர வர, எழுத்துக்கூட்டி உதட்டுக்குள் படித்தார். வெளிச்சம் வந்ததும் கையை எடுத்தார்.

"இவ்வளவு பேசியிருக்கா," என்றார். மறுபடியும் மேலே போக என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.